தண்ணீரில் இருந்து எரிபொருள்: பெட்ரோல் கம்பெனி கோடிகளைக் கொட்டுவது ஏன்? பஸ் டிக்கெட், சிலிண்டர் விலை குறையுமா?

சென்னை:

தண்ணீரில் மூலிகையைப் போட்டு பெட்ரோல் எடுப்பதாக ஒருவர் சொன்னதும், தமிழ்நாடே பரபரப்பானதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அது 1996-ம் ஆண்டு. டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, சலூன் என்று எங்கே போனாலும் அதே பேச்சுதான். கடைசியில் விஞ்ஞானிகள் முன்னால் செய்து காட்டச் சொன்னபோது வேலைக்கு ஆகவில்லை. விவகாரம் சி.பி.ஐ. வழக்கு வரை போனது.

இப்போது மறுபடியும் "தண்ணீரில் இருந்து எரிபொருள்" என்ற பேச்சு வந்திருக்கிறது. ஆனால் இந்த முறை சொல்வது தனி ஆள் இல்லை. நம் வீட்டுக்கு இண்டேன் சிலிண்டர் போடுகிற, ஊருக்கு ஊர் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிற இந்தியன் ஆயில் கம்பெனிதான். பெட்ரோல், டீசல் விற்றே வளர்ந்த கம்பெனி ஹைட்ரஜனில் பணம் போடுகிறது. பேட்டரி சார்ஜிங், பழைய சமையல் எண்ணெயில் இருந்து விமான எரிபொருள் என்று புதுப்புது வேலைகளிலும் இறங்கி இருக்கிறது.

இது நிஜமா, வெறும் விளம்பரமா? நம்ம பஸ் டிக்கெட்டும் சிலிண்டர் விலையும் குறையுமா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஹைட்ரஜன் என்றால் என்ன?

தண்ணீரில் இரண்டு பொருள் கலந்து இருக்கிறது. ஒன்று ஹைட்ரஜன், இன்னொன்று நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன். தண்ணீருக்குள் மின்சாரத்தை செலுத்தினால் இரண்டும் தனித்தனியாகப் பிரியும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் ஒரு பேட்டரியும் இரண்டு கம்பியும் வைத்து செய்து காட்டியது இதைத்தான். அதையே தொழிற்சாலை அளவில் செய்யும் மெஷினுக்கு எலெக்ட்ரோலைசர் என்று பெயர்.

அப்படிப் பிரித்த ஹைட்ரஜனை எரித்தால் கரும்புகை வராது, கார்பன் டை ஆக்சைடும் வராது. மறுபடியும் தண்ணீர்தான் வரும். அதனால்தான் இதற்கு இவ்வளவு மவுசு.

மூலிகை பெட்ரோலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். இதில் இலவசம் எதுவும் கிடையாது. தண்ணீர் வெறும் மூலப்பொருள். உண்மையான செலவு மின்சாரம். 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க சுமார் 50 முதல் 55 யூனிட் கரண்டு வேண்டும். ஆனால் அந்த 1 கிலோவுக்குள் இருக்கும் சக்தி சுமார் 33 யூனிட்தான். அதாவது போட்டதில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கரைந்து விடுகிறது. அதை பஸ்சில் போட்டு மறுபடி மின்சாரமாக மாற்றும்போது, மிச்சத்திலும் ஏறக்குறைய பாதி போய்விடும்.

இந்தக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஹைட்ரஜன் பற்றி யார் என்ன சொன்னாலும் சரியா, தப்பா என்று பார்க்க இது உதவும்.

சாம்பல், பச்சை... அது என்ன கலர்?

ஹைட்ரஜனுக்கு நிறமே கிடையாது. எப்படித் தயாரிக்கிறோம் என்பதை வைத்து கலர் பெயர் சொல்கிறார்கள்.

இயற்கை எரிவாயுவில் இருந்து பிரித்தால் அது சாம்பல் ஹைட்ரஜன். இப்படி 1 கிலோ எடுக்கும்போது 9 முதல் 10 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. அந்தப் புகையை வெளியே விடாமல் பிடித்து பூமிக்கு அடியில் அடைத்தால் நீல ஹைட்ரஜன். வெயில், காற்று மூலம் கிடைக்கும் மின்சாரத்தை வைத்து தண்ணீரில் இருந்து பிரித்தால் பச்சை ஹைட்ரஜன்.

இந்தியாவில் இன்று பயன்படும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி சாம்பல் வகைதான். அப்படியானால் புகையே வராத எரிபொருள் என்று சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது. பஸ்சின் பின்னால் புகை வராது. ஆனால் சாம்பல் ஹைட்ரஜன் போட்டால், அந்தப் புகை ஏற்கனவே ஆலையின் புகைபோக்கியில் வந்து முடிந்திருக்கும்.

இன்று போடும் டீசலிலும் ஹைட்ரஜன் வேலை இருக்கு!

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. ஹைட்ரஜன் நமக்குப் புதுசு இல்லை. கச்சா எண்ணெயில் கந்தகம் இருக்கும். அதை நீக்காமல் எரித்தால் நெஞ்சை அடைக்கும் புகை வரும். கந்தகத்தை நீக்க ரிபைனரிகளில் பயன்படுத்துவது ஹைட்ரஜனைத்தான்.

2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 பெட்ரோல், டீசல் கட்டாயமானது. அதற்கு முன்பு 10 லட்சம் பங்கு டீசலில் 50 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்று விதி இருந்தது. இப்போது 10 பங்குதான். இந்த அளவுக்கு சுத்தம் செய்ய ஹைட்ரஜன் தேவையும் அதிகமானது. வடசென்னை மணலியில் இருக்கும் சி.பி.சி.எல். ஆலை இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம்தான். அங்கும் டீசல் இப்படித்தான் சுத்தமாகிறது.

ஆக, ஒரு பெட்ரோல் கம்பெனி பச்சை ஹைட்ரஜனில் பணம் போடுகிறது என்றால், அதன் முதல் வாடிக்கையாளர் நம்ம வீட்டு அடுப்பும் இல்லை, டவுன் பஸ்சும் இல்லை. அந்தக் கம்பெனியின் சொந்த ரிபைனரிதான். இதுவரை எரிவாயுவில் இருந்து எடுத்ததை இனி கொஞ்சம் கொஞ்சமாக தண்ணீரில் இருந்து எடுக்கப் போகிறார்கள்.

பானிபட்டில் என்ன நடக்குது?

அரியானா மாநிலம் பானிபட்டில் இந்தியன் ஆயிலுக்கு பெரிய ரிபைனரி இருக்கிறது. அங்கு ஆண்டுக்கு 10 ஆயிரம் டன் பச்சை ஹைட்ரஜன் தயாரிக்கும் ஆலைக்கான வேலை 2025-ல் எல் அண்ட் டி-யின் துணை நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. ஆலையைக் கட்டுவது, சொந்தமாக வைத்து ஓட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 25 வருடத்துக்கு ஹைட்ரஜனை வாங்கிக் கொள்வது இந்தியன் ஆயில். சொந்தமாக லாரி வாங்காமல், டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசி வாடகைக்கு வைப்பது மாதிரி.

டெண்டரில் வந்த விலை கிலோவுக்கு ரூ.397. சாம்பல் ஹைட்ரஜன் விலை எரிவாயு விலையைப் பொறுத்து ஏறி இறங்கும். என்றாலும் பெரும்பாலும் இதில் பாதி விலைக்கே கிடைத்து விடும். இந்த வித்தியாசம்தான் இப்போது எல்லோருக்கும் தலைவலி.

கணக்கு போட்டால் இன்னும் சில விஷயம் புரியும். 10 ஆயிரம் டன் என்றால் 1 கோடி கிலோ. கிலோவுக்கு 55 யூனிட் வைத்தால் வருடத்துக்கு 55 கோடி யூனிட் கரண்டு வேண்டும். சாம்பல் ஹைட்ரஜனுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தினால், வருடத்துக்கு ஏறக்குறைய 1 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு குறையும்.

தண்ணீர்? கிலோவுக்கு குறைந்தது 9 லிட்டர் சுத்தமான தண்ணீர் தேவை. ஒரு நாளைக்கு சுமார் இரண்டரை லட்சம் லிட்டர். 9 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் குடிநீர் லாரியில் கொண்டு வந்தால் தினமும் 27 லாரி. சுத்தம் செய்வதற்கும், மெஷினைக் குளிர்விப்பதற்கும் தண்ணீர் இதற்கு மேலும் வேண்டும்.

எதற்கு இந்த திடீர் அக்கறை?

2046-க்குள் தன்னுடைய ஆலைகளில் நெட் ஜீரோ நிலையை எட்டுவோம் என்று இந்தியன் ஆயில் 2022-ல் அறிவித்தது. அதற்கு ரூ.2 லட்சம் கோடிக்கு மேல் செலவாகும் என்றும் சொன்னது. நெட் ஜீரோ என்றால் புகையே விடாமல் இருப்பது இல்லை. முடிந்தவரை குறைத்துவிட்டு, மிச்சம் விடும் அளவுக்கு வேறு வழியில் சரிக்கட்டுவது. கடனும் வரவும் சமமாகிற மாதிரி.

மத்திய அரசும் பின்னால் நிற்கிறது. 2023 ஜனவரி 4-ந் தேதி தேசிய பச்சை ஹைட்ரஜன் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கீடு ரூ.19 ஆயிரத்து 744 கோடி. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் தயாரிப்பது இலக்கு. தயாரிக்கும் கம்பெனிகளுக்கு முதல் வருடம் கிலோவுக்கு அதிகபட்சம் ரூ.50, அடுத்த வருடம் ரூ.40, அதற்கு அடுத்த வருடம் ரூ.30 என்று மானியம் கொடுக்கிறார்கள்.

இன்னொரு காரணம் சாதாரணமாக யோசித்தாலே தெரியும். ஆட்டோ, பைக், கார் எல்லாம் பேட்டரிக்கு மாறிக் கொண்டிருக்கின்றன. பெட்ரோலை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் நாளைக்கு வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் எந்த எண்ணெய் கம்பெனிக்கும் இருக்கத்தானே செய்யும்?

ஹைட்ரஜன் பஸ் சென்னைக்கு வருமா?

இந்தியன் ஆயில் இதில் படிப்படியாகத்தான் போகிறது. 2020 அக்டோபரில் டெல்லியில் 50 பஸ்களுக்கு, சி.என்.ஜி.யோடு ஹைட்ரஜன் கலந்த எரிபொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஹைட்ரஜனில் மட்டுமே ஓடும் 15 பஸ்களுக்கு டாட்டா மோட்டார்சிடம் 2021-ல் ஆர்டர் கொடுக்கப்பட்டது. முதல் 2 பஸ்களை 2023 செப்டம்பர் 25-ந் தேதி மத்திய மந்திரி ஹர்தீப் சிங் பூரி டெல்லியில் கொடியசைத்து அனுப்பி வைத்தார்.

சுமார் 30 கிலோ ஹைட்ரஜன் நிரப்பினால் அந்த பஸ் 350 கிலோ மீட்டர் ஓடும் என்று சொல்லப்பட்டது. நிரப்ப கால் மணி நேரம் கூட ஆகாது. பேட்டரி பஸ் மாதிரி சார்ஜ் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இது பெரிய பிளஸ் பாயிண்ட்.

சரி, செலவு? கிலோ ரூ.397 என்று வைத்தால் 30 கிலோவுக்கு சுமார் ரூ.11 ஆயிரத்து 900. ஒரு கிலோ மீட்டருக்கு ரூ.34. லிட்டருக்கு 4 கிலோ மீட்டர் ஓடும் டவுன் பஸ்சுக்கு, டீசல் ரூ.92 என்று போட்டால் கிலோ மீட்டருக்கு ரூ.23. அந்த ரூ.397-ம் ஆலை வாசல் விலைதான். அழுத்தி அடைத்து, லாரியில் ஏற்றி, பங்க் வரை கொண்டு வரும் செலவு தனி.

கரண்டு கணக்கு இன்னும் மோசம். ஹைட்ரஜன் பஸ் 1 கிலோ மீட்டர் ஓட, ஆலையில் சுமார் 4.7 யூனிட் கரண்டு செலவாகி இருக்கும். பேட்டரி பஸ்சுக்கு சுமார் ஒன்றரை யூனிட் போதும். சென்னையில் 2025 ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடி டெப்போவில் இருந்து எலெக்ட்ரிக் பஸ்கள் ஓட ஆரம்பித்தன. அந்த மாதிரி டவுன் ரூட்டில் ஹைட்ரஜன் போட்டி போடுவது கஷ்டம். சார்ஜ் போட நிற்க முடியாத நீண்ட தூர லாரி, கரண்டு கம்பி இல்லாத ரெயில் பாதை, கப்பல் போன்ற இடங்களில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம்.

அதனால் ஹைட்ரஜன் வந்தால் பஸ் டிக்கெட் குறையும் என்று யாராவது சொன்னால், இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

சிலிண்டருக்குப் பதில் ஹைட்ரஜனா?

குஜராத் மாநிலம் சூரத் அருகே காவாசில் என்.டி.பி.சி. நிறுவனம் 2023 ஜனவரியில் இருந்து, தன் குடியிருப்புக்குப் போகும் குழாய் கேசில் சிறு அளவு ஹைட்ரஜனைக் கலந்து கொடுத்துப் பார்க்கிறது. அது சோதனைதான். சிலிண்டரில் அடைத்து வீட்டுக்கு வீடு கொடுக்கும் பேச்சே இல்லை.

காரணம் அழுத்தம். நம்ம கார் டயரில் அடிக்கும் காற்று சுமார் 2 பார். சி.என்.ஜி. ஆட்டோ டேங்க்கில் 200 பார். ஹைட்ரஜன் பஸ் டேங்க்கில் 350 பார். அதைத் தாங்குகிற டேங்க்கின் விலையும் அதிகம், தயாரிப்பதும் சுலபம் இல்லை.

ஆபத்து உண்டா? உண்டு. சமையல் கேஸ் மாதிரியே கவனம் வேண்டும், ஆனால் குணம் வேறு. சமையல் கேஸ் காற்றை விட கனம். கசிந்தால் தரையோடு படுத்துக் கிடக்கும். ஹைட்ரஜன் காற்றை விட 14 மடங்கு லேசு. கசிந்தால் மேலே போய்விடும். திறந்த வெளியில் இது நல்லது. மூடிய ஷெட்டுக்குள் கூரைக்கு அடியில் தேங்கினால் ஆபத்து. வாசனையும் இல்லை. பற்றிக் கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அதனால் மூக்கை நம்பி வேலை பார்க்க முடியாது. கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி கட்டாயம்.

நம்ம ஊரில் என்ன இருக்கு?

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பர் 5-ந் தேதி ரூ.3 கோடியே 87 லட்சம் செலவில் சிறிய பச்சை ஹைட்ரஜன் ஆலை திறக்கப்பட்டது. மணிக்கு 10 கன மீட்டர் தயாரிக்கும். எடை போட்டுப் பார்த்தால் 1 கிலோவுக்கும் குறைவுதான். துறைமுக குடியிருப்பில் தெரு விளக்கு எரியவும், வண்டிகளுக்கு சார்ஜ் ஏற்றவும் இது பயன்படுகிறது.

தூத்துக்குடியில் தனியார் நிறுவனங்களும் பெரிய ஆலைகளுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. சிங்கப்பூரின் செம்ப்கார்ப் நிறுவனம் ரூ.36 ஆயிரத்து 238 கோடி முதலீடு செய்வதாக 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த முதலீட்டாளர்கள் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வேறு, ஆலை வேறு என்பது நமக்குத் தெரியும். அங்கே கோடையில் குடத்தோடு நிற்கிற ஜனங்களுக்கு கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வரும்? கடல் நீரைச் சுத்தம் செய்து எடுத்தால் செலவு பெரிதாகக் கூடாது. ஏனென்றால் ஹைட்ரஜன் விலையில் பெரும்பங்கு கரண்டுக்குத்தான். ஆகவே ஆற்றுத் தண்ணீரிலும் ஏரித் தண்ணீரிலும் கை வைக்கத் தேவையே இல்லை. இதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக் கொள்வது நல்லது.

சென்னை பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையிலும் ஹைட்ரஜன் ரெயில் பெட்டி தயாரிக்கப்பட்டு, 2025 ஜூலையில் சோதனை வெற்றி என்று ரெயில்வே மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் தெரிவித்தார். அரியானாவின் ஜிந்த் - சோனிபட் பாதைக்காகச் செய்த ரெயில் அது. செய்தது நம்ம ஊர் தொழிலாளர்கள்.

பஜ்ஜி எண்ணெயில் பறக்கும் விமானம்

ஹைட்ரஜனை விட சீக்கிரம் நம் தெருவுக்கு வரப்போவது வேறு சில வேலைகள்.

ஓட்டல்களில் திரும்பத் திரும்ப சுட்ட எண்ணெயை வாங்கி, அதில் இருந்து விமான எரிபொருள் தயாரிக்க பானிபட் ரிபைனரிக்கு 2025 ஆகஸ்டில் சர்வதேச சான்றிதழ் கிடைத்தது. ஆண்டுக்கு 35 ஆயிரம் டன் தயாரிப்பது திட்டம். 2027-ல் இருந்து வெளிநாட்டு விமானங்களின் எரிபொருளில் 1 சதவீதம், 2030-ல் 5 சதவீதம் இந்த மாதிரி எரிபொருள் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது.

ஒருமுறை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி சூடாக்கினால் உடம்புக்குக் கெடுதல். கெட்டுப்போன எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையில் இருந்தே விதி இருக்கிறது. ஆனாலும் பெரிய கடைகளில் கழித்த எண்ணெய் சின்னக் கடைகளுக்குப் போவது நின்றபாடில்லை. விமானத்துக்கு நல்ல விலைக்கு வாங்கினால், அந்த எண்ணெய் நம் வயிற்றுக்குப் போவது குறையும். சாப்பிடுகிற நமக்கு இதில் கிடைக்கும் லாபம் அதுதான்.

பங்க்குகளில் எலெக்ட்ரிக் வண்டிக்கு சார்ஜ் போடும் வசதி, சன் மொபிலிட்டி நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து ஆட்டோ, பைக்குகளுக்கு காலி பேட்டரியைக் கொடுத்துவிட்டு சார்ஜ் ஏறிய பேட்டரியை மாட்டிக் கொண்டு போகும் வசதி ஆகியவற்றிலும் இந்தியன் ஆயில் இறங்கி இருக்கிறது. ஆட்டோ டிரைவருக்கு ஹைட்ரஜனை விட இது பக்கத்தில் இருக்கும் விஷயம்.

வேலை கிடைக்குமா?

ஹைட்ரஜன் திட்டத்தால் 2030-க்குள் 6 லட்சம் பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. இது மதிப்பீடுதான், ஆர்டர் இல்லை. ஆனால் எந்த வேலை என்று பார்த்தால் நம் பிள்ளைகள் படிக்கும் படிப்புதான். பைப் பிட்டர், வெல்டர், எலெக்ட்ரீசியன், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். ஹைட்ரஜன் சில வகை இரும்பை உள்ளே புகுந்து முறுமுறுவென்று ஆக்கிவிடும். அதனால் சாதாரண வெல்டிங்கை விட இதில் சோதனையும் கட்டுப்பாடும் அதிகம். ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகள் உயர் அழுத்த பைப் வெல்டிங், கேஸ் கசிவு சோதனை பற்றிய பயிற்சி கிடைத்தால் விடாமல் கற்றுக் கொள்ளலாம்.

ஏமாறாதீங்க!

பெரிய திட்டம் வரும்போது கூடவே மோசடிப் பேர்வழிகளும் வருவார்கள். பெட்ரோல் பங்க் டீலர்ஷிப் வாங்கித் தருவதாக பணம் பறிக்கும் கும்பல் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. நாளைக்கு அவர்களே "ஹைட்ரஜன் பங்க் ஏஜென்சி, முன்பணம் கட்டுங்கள்" என்று போன் செய்யலாம். அரசு எண்ணெய் கம்பெனிகள் பங்க் டீலர்களை பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, அதிகாரப்பூர்வ இணையதளம் வழியாகத்தான் தேர்வு செய்கின்றன. வாட்ஸ்-அப்பில் வரும் கடிதத்தை நம்பி ஒரு பைசா கூட அனுப்ப வேண்டாம்.

அதேபோல, "பைக்கில் இந்த டப்பாவை மாட்டி தண்ணீர் ஊற்றினால் மைலேஜ் எகிறும்" என்று விற்கும் கிட்டுகளும் வந்து போகின்றன. தண்ணீரைப் பிரிக்க அந்த டப்பாவுக்கு கரண்டு வேண்டும். அந்த கரண்டு பேட்டரியில் இருந்து வரும். பேட்டரி சார்ஜ் ஆவது என்ஜினில். என்ஜின் ஓடுவது நீங்கள் போட்ட பெட்ரோலில். கடைசியில் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

கடைசியாக...

ஹைட்ரஜன் பொய் இல்லை. மந்திரமும் இல்லை. வெயில், காற்று மின்சாரம் எவ்வளவு மலிவாகிறதோ, அந்த அளவுக்குத்தான் அதுவும் மலிவாகும். கிலோ ரூ.397 என்பது ரூ.200-க்குப் பக்கத்தில் வந்தால் ரிபைனரிகளும் உரத் தொழிற்சாலைகளும் தானாகவே மாறும். அதற்குப் பிறகுதான் லாரி, பஸ் பற்றிய பேச்சு. அதுவரை இந்தப் பணத்தால் நமக்கு வரும் லாபம் மணலி, பானிபட் மாதிரி ஆலைகளைச் சுற்றி வாழும் ஜனங்கள் சுவாசிக்கும் காற்றிலும், அந்த ஆலைகளில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வேலையிலும்தான் தெரிய வேண்டும்.

1996-ல் தண்ணீரில் பெட்ரோல் என்றதும் நாம் கேட்க மறந்த கேள்வி "கரண்டு எங்கிருந்து வருது, யார் காசு?" என்பதுதான். இந்த முறை அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டு வைப்பது நல்லது என்பது குறிப்பிடத்தக்கது.